குறைமாதக் குழந்தையின் மருந்து ஆஸ்துமாவுக்கு ஆகுமா?

கே: என் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். மூச்சுத் திணறியபோது குழாய் வழியாக நுரையீரலுக்குள் ஒரு மருந்து விட்டுக் காப்பாற்றினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சர்ஃபாக்டன்ட்’ என்று எழுதியிருக்கிறது. இப்போது ஏழு வயது. தூசி பட்டால் போதும், வீசிங் வந்துவிடுகிறது. அன்று கைகொடுத்த மருந்தையே மறுபடி கொடுத்தால் என்ன? (ஒரு தாய், திண்டுக்கல்)

ப: இன்றைய நிலையில் கொடுக்க மாட்டார்கள் அம்மா. பிறந்த அன்று அவன் நுரையீரலில் அந்தப் பொருள் போதுமான அளவு ஊறியிருக்கவில்லை. அதனால் வெளியிலிருந்து விட்டார்கள். இப்போது அவன் நுரையீரலே அதைச் சுரக்கிறது. சுரந்தது கெட்டுப்போவதுதான் ஒவ்வாமை ஆஸ்துமாவில் நடக்கிற தொல்லைகளில் ஒன்று. இல்லாததைக் கொடுப்பது ஒரு வேலை, இருப்பதைக் கெடாமல் காப்பது வேறு வேலை. ஆனால் நீங்கள் கேட்டது வீண் கேள்வி அல்ல. இதே கேள்வியை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறார்கள். இந்த வாரப் பக்கம் முழுக்க அதற்குத்தான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருந்து, வீசிங்குக்குப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வீசிங் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அந்தத் தகவல் அவருக்குத் தேவை.

கே: சர்ஃபாக்டன்ட் என்பதுதான் என்ன? (கரூர்)

ப: நம் நுரையீரலில் ஏறக்குறைய 48 கோடி காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உட்சுவரும் ஈரமாக இருக்கும். ஈரம் இருந்தால் பரப்பு இழுவிசையும் இருக்கும். அது காற்றறையைச் சுருக்கி மூடப் பார்க்கும். உடல் சூட்டில் வெறும் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 70 மில்லிநியூட்டன். அதன் மேல் சர்ஃபாக்டன்ட் படர்ந்திருந்தால், மூச்சை விட்டு முடிக்கும் தறுவாயில் அந்த அளவு கிட்டத்தட்ட சுழியத்துக்கே இறங்கிவிடும். மூச்சை முழுக்க விட்ட பிறகும் காற்றறைகள் ஒட்டிப்போகாமல் இருப்பது இதனால்தான்.

இதைச் சுரப்பவை காற்றறைச் சுவரில் உள்ள இரண்டாம் வகைச் செல்கள். பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, மீதி புரதம். புரதத்தில் நாலு வகை: எஸ்பி-ஏ, எஸ்பி-பி, எஸ்பி-சி, எஸ்பி-டி. பி-யும் சி-யும் கொழுப்போடு கலந்து படலத்தை விரிக்கின்றன. ஏ-யும் டி-யும் காவலுக்கு நிற்கின்றன: உள்ளே வரும் கிருமியையும் பூஞ்சை வித்தையும் பிடித்து, அவற்றை விழுங்கும் செல்களிடம் ஒப்படைக்கின்றன. இந்த ஏ, டி இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பதில்கள் இவற்றைச் சுற்றித்தான்.

கே: அப்படியென்றால் நுரையீரலுக்குள் சோப்பு இருக்கிறது என்று சொல்லலாமா? (பள்ளி மாணவன், சிவகாசி)

ப: இரண்டுமே பரப்பு இழுவிசையைக் குறைக்கும், அந்த அளவுக்குச் சரி. அதற்குமேல் உறவு இல்லை தம்பி. சோப்பு செல்லின் சவ்வைக் கரைத்துவிடும். இது செல்லின் மேல் படர்ந்து அதைக் காக்கும்.

கே: இதைக் கண்டுபிடித்த டாக்டர் யார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ப: ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது ஐயா. 1929-இல் குர்ட் ஃபான் நேயர்கார்ட் என்ற மருத்துவர் விலங்கு நுரையீரலைக் காற்றால் ஊதிப் பார்த்தார், பிறகு திரவத்தால் நிரப்பிப் பார்த்தார். திரவத்தால் விரிக்க மிகக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. திரவம் நிரம்பினால் காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பே இல்லை. ஆகவே நுரையீரலைச் சுருங்க வைப்பதில் பெரும்பங்கு அந்தப் பரப்பின் இழுவிசைக்குத்தான் என்றார். இத்தனை பெரிய விஷயத்தை ஏறக்குறைய 25 வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு அதைத் திறந்தது போர் ஆராய்ச்சி. இங்கிலாந்தில் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்தில் ரிச்சர்ட் பேட்டில் வேலை பார்த்தார். விஷவாயு தாக்கினால் நுரையீரலில் நுரை கட்டும். அதை உடைக்க வழி தேடிய அவர், நுரையீரலிலிருந்து எடுத்த குமிழிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அவ்வளவு சின்னக் குமிழி, தண்ணீரில் என்றால் சீக்கிரமே சுருங்கி மறைந்திருக்க வேண்டும். இவை அளவு மாறாமல் அப்படியே இருந்தன. நுரை உடைக்கும் மருந்தும் அவற்றிடம் பலிக்கவில்லை. குமிழியின் சுவரில் இழுவிசை இல்லவே இல்லை என்றால்தான் இது நடக்கும் என்று 1955-இல் எழுதினார். அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் இருந்த ஜான் கிளெமென்ட்ஸ், படலத்தை அமுக்கும்போது இழுவிசை எப்படி இறங்குகிறது என்று 1957-இல் அளந்தே காட்டினார்.

இதைத் தொட்டிலுக்குக் கொண்டுவந்தவர் மேரி எல்லன் ஏவரி. மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலை அதே முறையில் அளந்தார். இழுவிசை இறங்கவே இல்லை. பொருள் இல்லாததுதான் நோய் என்று அவரும் ஜெர் மீடும் 1959-இல் வெளியிட்டார்கள். காரணம் தெரிந்துவிட்டது, மருந்து மட்டும் இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயில் 39 மணி நேரத்தில் இறந்தான். உலகிலேயே அதிக அதிகாரம் படைத்த மனிதரின் குழந்தைக்கும் அன்று கொடுக்க ஒன்றுமில்லை. 1980-இல் ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இன்று பிழைக்கும் குழந்தைகளுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

கே: ஆஸ்துமா மூச்சுக்குழாயில் வருவது. நீங்களோ காற்றறை, காற்றறை என்கிறீர்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? (நர்சிங் மாணவி, வேலூர்)

ப: கூர்மையான கேள்வி. மூச்சுக்குழாய் கிளை பிரிந்து பிரிந்து கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழல்களாகிறது. அங்கே குருத்தெலும்பு கிடையாது. குழலைத் திறந்து பிடிக்கும் விறைப்பான சுவர் இல்லை. உள்ளே திரவம் சேர்ந்தால், ஈரம்பட்ட பாலிதீன் கவரின் வாய் போல ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டாமல் இருக்க அங்கேயும் சர்ஃபாக்டன்ட் வேண்டும் என்று பீட்டர் மாக்லெமும் உடனிருந்தவர்களும் 1970-லேயே சொன்னார்கள்.

யோரான் என்ஹார்னிங் என்பவர் இதைக் கண்ணுக்கு முன்னால் காட்டினார். கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய ஒரு கண்ணாடிக் குழல். அதன் இடுக்கில் ஒரு பொட்டுத் திரவம். ஒரு முனையிலிருந்து காற்றை மெல்லத் தள்ள வேண்டும். திரவத்தில் நல்ல சர்ஃபாக்டன்ட் இருந்தால், காற்று ஒருமுறை வழிவிட்டுப் போன பிறகு இடுக்கு திறந்தபடியே இருக்கும். அதில் ரத்தத்தின் பிளாஸ்மா புரதம் கலந்துவிட்டால், தள்ளிவிட்ட திரவம் திரும்பி வந்து இடுக்கை அடைக்கும். மறுபடி தள்ளினால் மறுபடி அடைக்கும்.

ஆஸ்துமாவில் இதுவேதான் நடக்கிறது. ஒவ்வாமை கிளம்பியதும் மூச்சுக்குழாய்ச் சுவரின் ரத்த நாளங்கள் கசியும், பிளாஸ்மா உள்ளே வரும். ஜெர்மனியின் ஹனோவரில் ஹோல்ஃபெல்ட் குழுவினர், ஆஸ்துமாக்காரர்களின் நுரையீரலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் ஒவ்வாமைப் பொருளை விட்டு, பிறகு அந்த இடத்தைக் கழுவி எடுத்துச் சோதித்தார்கள். 1999-இல் வந்தது முடிவு: அங்கே இருந்த சர்ஃபாக்டன்ட் தன் வேலையைச் செய்யும் திறனை இழந்திருந்தது.

ஆக, சதை இறுகுவது, சுவர் வீங்குவது, சளி கட்டுவது என்று நீங்கள் பாடத்தில் படிக்கும் மூன்றோடு நாலாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: கெட்டுப்போனால் புதிதாக ஊற்ற வேண்டியதுதானே! யாரும் முயன்று பார்க்கவில்லையா? (கோவை)

ப: பார்த்தார்கள். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

1991-இல் ஜப்பானில், மூச்சிரைப்பு வந்திருந்த ஒரு சிறு குழுவுக்கு மூச்சு வழியே கொடுத்தபோது மூச்சு அளவுகள் தேறின. 1996-இல் நெதர்லாந்தில் ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு நெபுலைசரில் மாட்டு சர்ஃபாக்டன்ட் கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அங்கே அந்தச் சமயத்தில் குழந்தைகளுக்கு ஒவ்வாமைத் தாக்குதல் நடந்துகொண்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கெடாத சர்ஃபாக்டன்ட் இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்து என்ன ஆகப்போகிறது?

2003-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வந்த முடிவு இவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ‘பியூமாக்டன்ட்’ என்ற செயற்கைப் பொருள், வெறும் கொழுப்பு, புரதமே கிடையாது. லேசான ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள ஏழு பேருக்கு அதை மூச்சில் இழுக்கக் கொடுத்து, பிறகு ஒவ்வாமைப் பொருளையும் கொடுத்தார்கள். சாதாரணமாக அடுத்த சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் இறுக வேண்டும். ஏழு பேருக்கும் இறுகவில்லை. கொழுப்புப் படலம் ஒரு தடுப்பாக நின்று ஒவ்வாமைப் பொருளைச் சுவருக்குப் போகவிடவில்லை என்பது ஒரு விளக்கம்.

ஏழு பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதோடு இந்தப் பியூமாக்டன்டுக்குப் பின்னால் ஒரு வருத்தமான கதையும் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்காகத்தான் அது முதலில் வந்தது. பன்றி நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வில், பியூமாக்டன்ட் பெற்ற குழந்தைகள் கூடுதலாக இறந்ததால் 2000-இல் ஆய்வையே நிறுத்தினார்கள். மருந்தும் புழக்கத்திலிருந்து போனது.

கே: சர்ஃபாக்டன்ட் கொடுத்து நிலைமை மோசமானதும் உண்டா? (அதே வாசகர்)

ப: உண்டு. 2004-இல் ஹனோவரிலேயே எர்பன்பெக் குழுவினர், ஆஸ்துமாக்காரர்களுக்கு முதலில் பன்றி சர்ஃபாக்டன்டை நுரையீரலின் ஒரு பகுதியில் விட்டு, பின்னால் ஒவ்வாமைப் பொருளை விட்டார்கள். அழற்சி குறையும் என்ற நம்பிக்கையில் செய்தது. அந்த இடத்தில் ஈஸ்னோஃபில் என்ற, ஒவ்வாமையில் பெருகும் வெள்ளணுக்கள் கூடின, அழற்சி ஏறியது.

ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பயன்பட்ட முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நல்லெண்ணத்தோடு இருந்தவர்கள், தங்கள் எண்ணத்துக்கு எதிராக வந்ததை மறைக்காமல் அச்சிட்டார்கள். ‘இயற்கையானது, உடம்பிலேயே இருப்பது, கொடுத்தால் கெடுதல் வராது’ என்ற வாதம் அதோடு விழுந்தது.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு துப்பு, மருந்தைத் தயாரிக்கும் முறையில் இருக்கிறது. விலங்கு நுரையீரலைக் கரிமக் கரைப்பான்களால் பிரித்தெடுக்கும்போது கொழுப்பும், கொழுப்பில் கரையும் பி, சி புரதங்களும் மட்டுமே மிஞ்சும். நீரில் கரையும் ஏ, டி இரண்டும் போய்விடும். குறைமாதக் குழந்தைக்குக் காற்றறை விரிந்தால் போதும், அதற்கு இவை தேவையில்லை. ஒவ்வாமை நோயாளிக்கோ காவலுக்கு நிற்பவைதான் தேவை. கடைகளில் கிடைக்கும் விலங்கு சர்ஃபாக்டன்டில் அவை இல்லை.

கே: அப்படியானால் அந்த ஏ, டி புரதங்களை மட்டும் தனியாகக் கொடுக்க முடியாதா? (பல் மருத்துவர், நாகர்கோவில்)

ப: இதில்தான் எனக்கு நம்பிக்கை. இந்த வழியைத் திறந்ததில் டெல்லிக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை நம் பத்திரிகைகள் சரியாகச் சொல்லவே இல்லை.

ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சை நம் ஊர்க் காற்றில் எங்கும் உண்டு. ஆஸ்துமாக்காரர் சிலருக்கு அது நுரையீரலில் தங்கி, கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும். டெல்லியில் தருணா மதன், ஆக்ஸ்ஃபோர்டில் உதய் கிஷோர், கென்னத் ரீட் ஆகியோர் சேர்ந்து இந்தப் பூஞ்சையை எடுத்துக்கொண்டார்கள். எஸ்பி-ஏ, எஸ்பி-டி இரண்டும் பூஞ்சையின் ஒவ்வாமைப் பொருளை அதிலுள்ள சர்க்கரைத் தொங்கல்கள் வழியாகப் பற்றிக்கொள்கின்றன. பற்றிக்கொண்டால் ஐஜிஇ எதிர்ப்பொருள் அதன் மேல் உட்கார இடமில்லை. ஐஜிஇ உட்காரவில்லை என்றால் ஹிஸ்டமின் கொட்டுவது குறைகிறது. இது 1997-இல், மனித ரத்தச் செல்களில் செய்த சோதனை. தைவானில் அதற்கு முந்தைய வருடமே, வீட்டுத் தூசி உண்ணியின் ஒவ்வாமைப் பொருளையும் இந்தப் புரதங்கள் பிடிப்பதைக் காட்டியிருந்தார்கள்.

2001-இல் எலிகளுக்குப் போனார்கள். பூஞ்சை ஒவ்வாமை ஏற்றப்பட்ட எலிகளின் மூக்கு வழியே புரதத்தை விட்டபோது ரத்தத்தில் ஐஜிஇ குறைந்தது, ஈஸ்னோஃபில் குறைந்தது, நுரையீரல் அழற்சியும் தணிந்தது. எஸ்பி-டி-யின் ஒரு துண்டை மட்டும் பாக்டீரியாவில் வளர்த்தெடுத்து அதையும் கொடுத்தார்கள். அதுவும் வேலை செய்தது. முழுப் புரதம் நாலு கை விரித்த பெரிய மூலக்கூறு, தயாரிப்பது கடினம். துண்டே போதும் என்றால் மருந்தாக்குவது எவ்வளவோ எளிது. பின்னால் 2008-இல், ஒவ்வாமை உள்ளவரின் ஈஸ்னோஃபில் செல்களை இந்தத் துண்டு தானாகவே மடியச் செய்கிறது என்றும் கண்டார்கள்.

கே: எலிக்கு எல்லா நோயும் குணமாகிறது. மனிதனுக்கு மட்டும் வருடக்கணக்காகக் ‘காத்திருங்கள்’ என்கிறீர்களே? (திருச்சி)

ப: கோபம் நியாயம். எலிக்குத் தானாக ஆஸ்துமா வருவதில்லை. ஆய்வகத்தில் சில வாரங்களில் ஏற்றிவிட்ட ஒவ்வாமை அது. உங்களுக்கு இருப்பதோ வருடக்கணக்கில் சுவர் தடித்துச் சதை பெருத்த மூச்சுக்குழாய்.

இன்னொரு தடை, எதிரி சும்மா இருப்பதில்லை. தூசி உண்ணியின் கழிவில் டெர் பி 1 என்ற நொதி இருக்கிறது. அது எஸ்பி-ஏ, எஸ்பி-டி இரண்டையும் வெட்டிப் போடும். காவலுக்கு அனுப்பும் புரதத்தையே அறுக்கும் ஒவ்வாமைப் பொருள்! சவுத்தாம்ப்டன் குழு 2016-இல் வெளியிட்டதும் இங்கே பொருந்துகிறது. கடுமையான ஆஸ்துமா உள்ள பெரியவர்களின் மூச்சுக்குழாயில் எஸ்பி-டி குறைவாகவும், ரத்தத்தில் கூடுதலாகவும் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கசிந்து போகிறது என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மனிதருக்குக் கொடுக்கவே முடியாது என்றும் இல்லை. ஆய்வகத்தில் தயாரித்த முழு மனித எஸ்பி-டி ஒன்று, ஏடி-100 என்ற பெயரில், குறைமாதக் குழந்தைகளின் நாள்பட்ட நுரையீரல் பாதிப்பைத் தடுக்கும் நோக்கத்தில் மனிதச் சோதனைக்கு வந்துவிட்டது. ஆஸ்துமாவுக்கு அல்ல. ஆனாலும் அந்தப் புரதம் மனித நுரையீரலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அதிலிருந்து கற்கலாம்.

கே: பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தைப் பெரியவருக்குக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? (கணக்காளர், ஈரோடு)

ப: கணக்கு உங்கள் தொழில், போட்டுக் காட்டுகிறேன். பன்றி சர்ஃபாக்டன்டின் முதல் டோஸ், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஒரு கிலோ குழந்தைக்கு இரண்டரை மில்லி திரவம். அதே விகிதத்தில் 60 கிலோ மனிதருக்கு 12 கிராம், அதாவது 150 மில்லி. பெரிய குப்பியில் இருப்பது 3 மில்லி. ஐம்பது குப்பி வேண்டும். ஒரு குப்பியே பல ஆயிரம் ரூபாய். ஆஸ்துமாவுக்கு இவ்வளவு தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் தினசரி மருந்தாக விலங்கு நுரையீரலை நம்ப முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

கே: பன்றி, மாடு என்கிறீர்கள். மத நம்பிக்கை உள்ளவர்கள் என்ன செய்வது? (காயல்பட்டினம்)

ப: குழந்தையின் உயிர் ஊசலாடும் நேரத்தில் அல்ல, பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது. ஆஸ்பத்திரியில் எது இருக்கிறது, எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்று சொல்வார்கள். உங்கள் மார்க்க அறிஞரிடமும் அமைதியான நேரத்தில் பேசி வைத்துக்கொள்ளலாம். உயிரணுவில் வளர்த்தெடுக்கும் மனிதப் புரதம் மருந்தாக வந்தால் இந்தச் சங்கடமே இருக்காது.

கே: பிராணாயாமம் செய்தால் சர்ஃபாக்டன்ட் ஊறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (சேலம்)

ப: பாதி உண்மை. ஆழமாக மூச்சிழுத்துக் காற்றறை விரியும்போது இரண்டாம் வகைச் செல் இழுபட்டுச் சர்ஃபாக்டன்டை வெளிவிடும். இது நிரூபணமானது. மூச்சுப் பயிற்சியால் ஆஸ்துமாக்காரரின் அன்றாட வாழ்க்கை கொஞ்சம் எளிதாகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. ‘ஆகவே இன்ஹேலரை விட்டுவிடுங்கள்’ என்று அந்தச் செய்தி முடிந்திருந்தால், அங்கேயே அழித்துவிடுங்கள். புதிதாக ஊறியதையும் கசியும் பிளாஸ்மா கெடுத்துவிடும். கசிவை நிறுத்துவது அழற்சியைக் குறைக்கும் மருந்து.

கே: ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். ‘பழகிவிடும், விட முடியாது’ என்று மாமியார் சொல்கிறார். மூச்சு முட்டும்போது மட்டும் சால்பியூட்டமால் பஃப் எடுத்துச் சமாளிக்கிறேன். (ராமநாதபுரம்)

ப: சகோதரி, இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். நீங்கள் செய்துகொண்டிருப்பது ஆபத்தானது. சால்பியூட்டமால் இறுகிய சதையைத் தளர்த்தும், அவ்வளவுதான். அடியில் அழற்சி எரிந்துகொண்டே இருக்கும். அதை மட்டும் நம்பி இருப்பவர்களுக்குக் கடுமையான தாக்குதலும் மரணமும் கூடுதல். அதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019-இல், சால்பியூட்டமால் போன்றவற்றைத் தனியாகக் கொடுப்பதே கூடாது என்று மாற்றிக்கொண்டது. லேசான ஆஸ்துமாவுக்குக்கூட ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் வேண்டும் என்கிறது.

2019 உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் நம் பங்கு எட்டில் ஒன்று. ஆஸ்துமா மரணங்களிலோ பத்தில் நாலுக்கு மேல். நோய் நம் ஊரில் கொடியதாகிவிடவில்லை, மருந்துதான் போய்ச் சேரவில்லை. போய்ச் சேராததற்கு உங்கள் வீட்டில் பேசும் அந்தப் பயமும் ஒரு காரணம்.

இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரையில் போவது மில்லிகிராம் கணக்கு. நல்ல மருந்தை எடுக்காமல் இருந்து, தாக்குதல் வந்து, ஆஸ்பத்திரியில் மாத்திரையும் ஊசியுமாக ஏற்றிக்கொள்வதில்தான் உடம்புக்குள் அதிக ஸ்டீராய்டு போகிறது. இன்னொரு செய்தி: சர்ஃபாக்டன்ட் சுரப்பை ஊக்குவிப்பதும் ஸ்டீராய்டுதான். குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்களே, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத்தான். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல் வெளியிட்டது அது.

மாமியாரையும் ஒருநாள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவரே நேரில் கேட்கட்டும். ஸ்பேசரில் பொருத்தி, பஃப் அமுக்கி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்தி, பிறகு விடுவதை அவர் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

கே: தூசி உண்ணியை வீட்டை விட்டு ஒழிக்க முடியுமா? (ஊட்டி)

ப: ஒழிக்க முடியாது, குறைக்கலாம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சும். ஆகவே ஈரம் குறைந்தால் வாடும். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயில் வரும் நாளில் ஜன்னலைத் திறந்து, மெத்தையை வெயிலில் போடுங்கள். பஞ்சு பொம்மைகள் கட்டிலில் வேண்டாம்.

கே: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ப: ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, குழந்தைக்கு விலா இடுக்கு உள்வாங்குகிறது, பஃப் எடுத்தும் நிம்மதி இல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே. வீசிங் சத்தம் திடீரென நின்று ஆள் சோர்ந்துபோனால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கே: பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் தங்கைக்கு ஆஸ்துமா. இந்தத் துறையில் இன்னும் முடியாமல் கிடக்கும் வேலை என்ன? (தஞ்சாவூர்)

ப: நிறைய இருக்கிறது தம்பி. எஸ்பி-டி போன்ற பெரிய புரதத்தை நெபுலைசரில் போட்டால் அது உடையாமல் போக வேண்டும். அல்லது பொடியாக்கி, நம் ஊர் வெப்பத்தில் மாதக்கணக்கில் கெடாமல் வைக்க வேண்டும். தூசி உண்ணியின் நொதி வெட்டும் இடத்தை மாற்றியமைத்து, வெட்டுப்படாத புரதம் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜூலி லெட்ஃபோர்ட் குழுவினர், எஸ்பி-ஏ-யின் வேலை செய்யும் சிறு பகுதியை மட்டும் பெப்டைடாக எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் கவனியுங்கள்.

எல்லா ஆஸ்துமாக்காரருக்கும் இது தேவைப்படாது. யாருடைய மூச்சுக்குழாயில் எஸ்பி-டி குறைந்திருக்கிறது என்று எளிதில் கண்டறியும் ஒரு சோதனை வேண்டும். நுரையீரலைக் கழுவி எடுக்காமல், சளியிலேயே பார்க்க முடிந்தால் மாவட்ட ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். மருந்து ஒன்று வந்தாலும், ‘ஐஜிஇ குறைந்தது’ என்ற வரியோடு திருப்திப்படாதீர்கள். தங்கை வருடத்தில் எத்தனை இரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தாள், எத்தனை முறை அவசரப் பிரிவுக்குப் போனாள், அந்த எண்ணிக்கை இறங்கியதா என்று கேளுங்கள்.

தொடங்குவதற்கு, பூஞ்சை ஒவ்வாமை எலிகள் பற்றிய 2001-ஆம் வருட ஆய்வைப் படியுங்கள். ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன்’ இதழில் வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் தடவை பாதிகூடப் புரியாது. உங்கள் இம்யூனாலஜி பேராசிரியரிடம் எடுத்துப்போய், படங்களை மட்டும் முதலில் ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லுங்கள்.